வயதும் வேலையில் மனநிறைவும்: மலையகத்தில் ஆட்களை மேற்பார்ப்போருக்கு ஒரு வழிகாட்டி

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் ஒரே மலையில் கொழுந்தெடுக்கும் 22 வயதுப் பெண்ணும் 52 வயதுப் பெண்ணும் ஒரே நாட்சம்பளத்தைத்தான் பெறுகிறார்கள். ஒரே கங்காணியின் கீழ்தான் நிற்கிறார்கள். ஆயினும் அந்த வேலையிடம் இருவரும் எதிர்பார்ப்பது ஒன்றன்று. இந்த வேறுபாட்டை அறிந்து அதற்கேற்ப வேலையை ஒழுங்குபடுத்துவது எப்படி என்பதே இங்கு சொல்லப்படுகிறது. தோட்டத்து வெளிக்கள உத்தியோகத்தர், தேயிலைத் தொழிற்சாலையில் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர், ஆடைத் தொழிற்சாலையில் ஒரு வரிசையை நடத்தும் மேற்பார்வையாளர், தோட்டப்புறப் பாடசாலையின் அதிபர், ஹட்டனிலோ பதுளையிலோ நாலைந்து பேரை வைத்துக் கடை நடத்தும் முதலாளி ஆகியோரை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

இவர்களிடம் பேசும்போது இரண்டு முடிவுகள் அடிக்கடி காதில் விழும். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வேலையில் மனமில்லை" என்பது ஒன்று. "பழைய ஆட்கள் வாயைத் திறக்காமல் செய்வார்கள், அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை" என்பது மற்றொன்று. இரண்டாவது முடிவே அதிகக் கேடு விளைவிப்பது என்பது என் உறுதியான கருத்து. இளைஞனின் அதிருப்தி அவன் கொழும்புக்கு பஸ் ஏறும்போதாவது தெரிந்துவிடும். மூத்தவரின் அதிருப்தியோ அவர் வேலையிலிருந்து விலகும் நாள் வரை ஒருவர் கண்ணிலும் படாமல் போய்விடக்கூடும்.

முதலில் பிரித்தறிய வேண்டியவை

வேலையில் மனநிறைவு என்பதும் வேலையில் ஈடுபாடு என்பதும் வெவ்வேறானவை. தன் சம்பளம், நேரம், மேலதிகாரி, சக தொழிலாளர், வேலையின் தன்மை ஆகியவற்றை எண்ணிப் பார்த்து "எனக்கு இது போதும்" என்றோ "போதாது" என்றோ ஒருவர் எடுக்கும் மதிப்பீடு மனநிறைவு. வேலை செய்யும் பொழுதில் அவர் தம்மை எவ்வளவு தூரம் அதற்குள் செலுத்துகிறார் என்பது ஈடுபாடு. இந்த இரண்டாவது கருத்தை வில்லியம் கான் 1990இல் ஆய்வுலகில் முன்வைத்தார். பின்னர் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்மார் ஷௌஃபெலியும் அவருடன் பணியாற்றியோரும் அதை உற்சாகம், அர்ப்பணிப்பு, மெய்மறந்து ஆழ்தல் என மூன்றாகப் பகுத்து அளக்க வழி செய்தனர்.

மனநிறைவோடு இருப்பவர் ஈடுபாடு இல்லாமல் இருக்கலாம். ஓய்வூதியத்துக்கு இரண்டு ஆண்டுகள் இருக்கும்போது எந்தப் புதிய பொறுப்பும் வேண்டாமென்று ஒதுங்கி, அதிலேயே நிம்மதி காணும் எழுதுவினைஞரை எல்லா அலுவலகங்களிலும் காணலாம். ஈடுபாடு மிகுந்தவர் மனநிறைவு இல்லாமலும் இருக்கலாம். பொகவந்தலாவையிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறித் தோட்டப் பாடசாலைக்கு வந்து, பிள்ளைகளுக்காக மாலை வகுப்பும் நடத்திவிட்டு, இருட்டிய பின் வீடு திரும்பும் இளம் ஆசிரியை அத்தகையவர். முதலாமவரைத் தூண்ட வேண்டும். இரண்டாமவரைக் காப்பாற்ற வேண்டும். யாருக்கு எது என்று தெரியாமல் எல்லோருக்கும் ஒரே மருந்தைக் கொடுத்தால், உழைக்கிறவரின் முதுகில் மேலும் சுமை ஏறும்.

ஆய்வுகள் சொல்வதும் அவற்றை எடுத்துக்கொள்ள வேண்டிய விதமும்

பிரித்தானியாவில் 5,000க்கும் மேற்பட்ட ஊழியர்களின் விடைகளை ஆராய்ந்து ஆண்ட்ரூ கிளார்க், ஆண்ட்ரூ ஒஸ்வால்ட், பீட்டர் வார் ஆகிய மூவரும் 1996இல் வெளியிட்ட கட்டுரை, வேலையில் மனநிறைவு இளவயதில் ஓரளவு உயர்ந்திருந்து, பின்னர் தாழ்ந்து, முப்பதுகளில் அடிமட்டம் தொட்டு, அதன் பிறகு வயதோடு சீராக ஏறிச் செல்கிறது என்று காட்டியது. தோமஸ் எங், டேனியல் ஃபெல்ட்மன் ஆகியோர் 2010இல் நூற்றுக்கணக்கான ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோதும், வயது கூடக்கூட வேலை பற்றிய மனப்பாங்கு சற்று மேம்படுகிறது என்றே கண்டனர். ஆனால் அந்தத் தொடர்பு பலமானதாக இல்லை. வயதை மட்டும் வைத்து ஒருவரின் மனத்தைச் சொல்லிவிட முடியாது என்பதற்கு இதுவே போதிய சான்று.

மேற்பார்வையாளருக்கு மிகவும் பயன்படக்கூடியது 2018இல் ஷோஷனா டோப்ரோவும் வேறு இரு ஆய்வாளர்களும் அமெரிக்காவில் நீண்ட காலம் தொடர்ந்து திரட்டப்பட்ட தரவுகளிலிருந்து கண்டது. வயது ஏற ஏற மனநிறைவு கூடுகிறது. ஆனால் ஒரே நிறுவனத்தில் கழியும் ஆண்டுகள் ஏற ஏற அது குறைகிறது. வேறு நிறுவனத்துக்கு மாறியவுடன் மீண்டும் உயர்ந்து, பிறகு பழையபடி இறங்கத் தொடங்குகிறது. 45 வயதில் புதிதாகச் சேர்ந்தவரும் 45 வயதில் அதே இடத்தில் இருபத்தைந்து ஆண்டுகளைக் கழித்தவரும் ஒரே வயதினராயினும் ஒரே மனநிலையில் இல்லை என்பதே இதன் பொருள். தாய் எடுத்த மலையிலேயே மகளும் கொழுந்தெடுக்கும் தோட்டங்களில் இதைவிடக் கவனிக்க வேண்டிய செய்தி வேறொன்று இல்லை.

இவை பெரும்பாலும் மேலைநாட்டு ஊழியர்களிடம் எடுக்கப்பட்டவை. அங்கு மனநிறைவு இல்லாதவர் வேறு வேலைக்குப் போய்விட வழியுண்டு. மூத்த வயதில் எஞ்சியிருப்போரில் பலர் விரும்பி நின்றவர்கள். குடியிருக்கத் தோட்டம் கொடுத்த லயன் அறையும் வேலையும் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும் இடத்தில், நிற்கிறவர் விரும்பித்தான் நிற்கிறார் என்று எடுத்துக்கொள்ள முடியாது. வேலையை விட்டால் குடும்பத்தோடு எங்கே போவது என்ற கேள்விக்கு விடையில்லாததாலும் ஒருவர் மௌனமாக இருப்பார். ஆகவே ஆய்வுகளின் வளைகோட்டை நம் ஊருக்கு அப்படியே பொருத்தாமல், எதைக் கேட்க வேண்டும் என்று அறிவதற்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

தொடங்கும் விதம்

உங்கள் கீழ் வேலை செய்வோரின் பெயர்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே வயதையும், இந்த இடத்தில் சேவையாற்றிய ஆண்டுகளையும், இப்போது செய்யும் அதே வேலையில் இருக்கும் ஆண்டுகளையும் மூன்று தனித்தனி நிரல்களில் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது நிரலே பெரும்பாலானோரை வியக்க வைக்கும். பன்னிரண்டு ஆண்டுகள் ஒரே இயந்திரத்துக்கு முன் நிற்கும் 34 வயதுக்காரர் ஒருவர் அந்தப் பட்டியலில் இருப்பார்; அவரை நீங்கள் இன்னமும் புதிய ஆள் என்றே நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

அடுத்தது கேட்பது. காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் வைத்துக் கேட்க வேண்டாம். தொழிற்சங்கத் தலைவர் பக்கத்தில் நிற்கும்போதும் வேண்டாம். மூத்தவரை இளையவர்கள் முன்னால் கேட்கவே வேண்டாம். வேலைக்குப் போகும் வழியிலோ, தேநீர் வேளையிலோ, கடையென்றால் கூட்டம் ஓய்ந்த பிற்பகலிலோ தனியாகக் கேளுங்கள். "வேலை எப்படி?" என்று கேட்டால் "பரவாயில்லீங்க" என்ற விடைதான் வரும், அதனால் ஒருவருக்கும் பயனில்லை. "அக்கா, போன மாசம் எந்த நாளு வேலை முடிஞ்சு போறப்ப மனசுக்கு நல்லா இருந்திச்சு?" என்று கேளுங்கள். அதற்குப் பிறகு, "எந்த நாளு காலையில எந்திரிக்கவே மனசு வரல?" என்று கேளுங்கள். ஒரு குறிப்பிட்ட நாளை நினைவுகூரும்போது மனிதர் உண்மையைச் சொல்வார். அந்த நாளில் நடந்ததே நீங்கள் திருத்த வேண்டியதைக் காட்டிவிடும். மூன்றாவது கேள்வியாக, "இந்த வேலையில ஒன்ன மாத்தலாம்னா எத மாத்துவீங்க?" என்பது போதும். விடைகளை அவர்கள் கண் முன்னால் எழுதாதீர்கள். எழுதினால் அது விசாரணையாகிவிடும்.

இளையோர்: வழி தெரியாத இடத்தில் நிற்க மாட்டார்கள்

சாதாரண தரம் வரை படித்த பிள்ளை, தன் தகப்பன் செய்த வேலைக்கு அதே நிலையில் வந்து சேரும்போது, முதலில் தேடுவது அந்த வேலைக்கு மேலே ஏதேனும் படி இருக்கிறதா என்பதைத்தான். சம்பளம் முக்கியமில்லை என்று நான் சொல்ல வரவில்லை. நாட்சம்பளத்தை 1,000 ரூபாயாக்க எத்தனை ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது, அது 2021இல் கிடைத்தபோது விலைவாசி எங்கே நின்றது என்பதை அறிந்தவர் எவரும் அப்படிச் சொல்ல மாட்டார். சம்பளத்தை நிர்ணயிப்பது உங்கள் கையில் இல்லாதபோதும், வேலையைக் கற்றுக்கொடுப்பது உங்கள் கையில் இருக்கிறது.

தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் பகுதிக்கு எடுக்கப்பட்ட இளைஞன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். மூட்டையிலிருந்து கொழுந்தைக் கொட்டி, கம்பி வலையின் மேல் சமமாகப் பரப்பி, இடையிடையே உதறிவிட்டு, வாடியதை அள்ளிப்போடுவது அவன் வேலை. அவனுக்கு அது வெறும் அள்ளிக்கொட்டும் வேலையாகவே இருக்கும், காரணம் சொல்லப்படாதவரை. டீமேக்கர் ஒரு காலை அவனை அழைத்து, ஒரு பிடி கொழுந்தை உள்ளங்கையில் வைத்து அழுத்தச் சொல்லி, விரித்த பிறகு அது உருண்டையாக நிற்கிறதா, துள்ளி விரிகிறதா என்று பார்க்கச் சொல்லட்டும். ஈரம் போதிய அளவு இறங்காத இலை உருட்டும்போது நசுங்கிச் சாறு வடித்துவிடும், அளவுக்கு மீறி வாடிய இலை முறுகாமல் உடைந்துவிடும், கடைசியில் உலர்ந்து வெளிவரும் தேயிலையில் ஈரம் ஏறத்தாழ 3 வீதம் மட்டுமே இருக்க வேண்டும், அந்தக் கணக்கு முழுவதும் அவன் நிற்கும் தட்டிலிருந்தே தொடங்குகிறது என்று விளக்கட்டும். பின்னர் சில மாதங்களுக்கு ஒருமுறை உருட்டல், புளிக்கவைத்தல், உலர்த்தல், தரம்பிரித்தல் என்று இடம் மாற்றி, தேநீர் சுவைத்துப் பார்க்கும் மேசைக்கும் அவனை அழைத்து, அவன் வாட்டிய இலையின் சாயத்தை அவனே பார்க்கச் செய்யட்டும். இதற்குச் செலவு எதுவும் இல்லை. டீமேக்கரின் நேரத்தில் ஒரு சிறு பங்கு மட்டுமே போகும்.

இளையோருக்கு வேலைகள் மாறி மாறி வருவது சோர்வைக் குறைத்து, விலகும் எண்ணத்தையும் குறைக்கிறது என்று இத்தாலிய ஆய்வாளர் சாரா ஸனிபோனியும் அவருடன் பணியாற்றியோரும் 2013இல் எழுதினர். அதே ஆய்வு மூத்தோரைப் பற்றி வேறொன்றைச் சொன்னது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

கூப்பிடும் முறையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். "டேய்", "வாடா", "போடா" என்று ஏவும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. "தம்பி" என்று பெயரோடு சேர்த்து அழைப்பதற்கும் அதற்கும் உள்ள தூரத்தை இளைஞர்கள் அளந்து வைத்திருக்கிறார்கள். கொழும்பில் கடையில் நின்றால் சம்பளம் பெரிதாகக் கூடாவிட்டாலும் ஒருவரும் ஏவுவதில்லை என்று சொல்லிப் போகும் பிள்ளைகளின் சொல்லை நம்புங்கள்.

நடுவயது: யாரும் கவனிக்காத அடிமட்டம்

முப்பதுகளிலும் நாற்பதுகளின் முற்பகுதியிலும் இருப்போர் மேற்பார்வையாளருக்குத் தொல்லை தருவதில்லை. வேலையை அறிந்தவர்கள், ஓடிப்போக முடியாதவர்கள். அதனாலேயே அவர்களிடம் ஒருவரும் எதையும் கேட்பதில்லை. பிள்ளையின் பாடசாலைச் செலவு, அடகு வைத்த நகை, மாமியாரின் மருந்து ஆகிய மூன்றும் ஒரே மாதத்தில் வந்து நிற்கும் வயது அது. பெண்ணாக இருந்தால், இருட்டோடு எழுந்து இரண்டு வேளைக்கும் சமைத்து, கைக்குழந்தையைத் தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் விட்டு, பெரட்டுக்கு நேரத்துக்கு வந்து நிற்கும்போதே ஒரு நாள் வேலை முடிந்திருக்கும். அங்கே ஐந்து நிமிடத் தாமதத்துக்காகத் திருப்பி அனுப்பப்பட்டு ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய சம்பளத்தை, இழந்தவரிடம் அதன் பிறகு ஈடுபாட்டை எதிர்பார்ப்பது நியாயமாகாது.

இந்த வயதினருக்கு முதலில் கொடுக்க வேண்டியது முன்கூட்டியே தெரிந்த நேரம். நாளை எந்த மலை, எத்தனை மணிக்கு நிறுவை, ஞாயிற்றுக்கிழமை வேலை உண்டா இல்லையா என்பதை முதல் நாள் மாலையிலேயே அறிவித்துவிட்டால், ஒரு தாய் தன் வீட்டை அதற்கேற்ப அமைத்துக்கொள்வாள். பாடசாலைக் கூட்டத்துக்கும் கிளினிக் நாளுக்கும் அரை நாளைக் கேட்டுப் பெற வழி இருக்க வேண்டும். அந்த வழி எல்லோருக்கும் தெரிந்த ஒழுங்காக இருக்க வேண்டும், உங்கள் தயவாக இருக்கக்கூடாது.

இரண்டாவது, அதே இடத்தில் ஒரு புதிய தொடக்கம். நிறுவனம் மாறினால் மனநிறைவு புதுப்பிக்கப்படுகிறது என்றால், மாற முடியாதவருக்கு உள்ளேயே ஒரு மாற்றத்தை உண்டாக்க வேண்டும். மருந்தடிக்கும் குழுவுக்குப் பாதுகாப்பு முறையைக் கற்பிக்கும் பொறுப்பு, முதலுதவிப் பயிற்சி, நிறுவைக் கணக்கை எழுதுவது, புதிய ஆட்களுக்குப் பழக்குவது ஆகியவற்றில் எது பொருந்தும் என்று பாருங்கள். கொழுந்தெடுப்போரில் மிகப் பெரும்பாலோர் பெண்களாக இருக்க, அவர்களை நடத்தும் கங்காணிகள் பெரும்பாலும் ஆண்களாகவே இருப்பது நீண்டகால வழக்கம். சில தோட்டங்களில் பெண்கள் அந்த இடத்துக்கு வந்திருக்கிறார்கள். பதினைந்து ஆண்டுகள் கொழுந்தெடுத்த ஒரு பெண்ணுக்கு மலையின் ஒவ்வொரு நிரையும் தெரியும். அவரைக் கங்காணியாக்குவது அவருக்கும், அவரைப் பார்த்து நிற்கும் இளம் பெண்களுக்கும் ஒரே நேரத்தில் ஒரு படியைக் காட்டுகிறது.

ஐம்பதைக் கடந்தோர்

மூத்தோரின் மனநிறைவுக்கு உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன் தந்த விளக்கம் பரவலாக ஏற்கப்பட்டது. முன்னால் இருக்கும் காலம் குறுகியது என்று உணரும்போது, மனிதர் புதிய வாய்ப்புகளைத் துரத்துவதைக் குறைத்து, மனத்துக்கு நிறைவு தரும் உறவுகளையும் செயல்களையும் தேர்ந்தெடுத்துப் பற்றிக்கொள்கிறார்கள். மூத்தவருக்குப் பதவி உயர்வைக் காட்டித் தூண்ட முயல்வது பெரும்பாலும் வீணாவதும், அவர் அறிந்ததை மற்றவருக்குக் கொடுக்கச் சந்தர்ப்பம் அளித்தால் அவர் முகம் மலர்வதும் இதனால்தான். முன்னர் குறிப்பிட்ட 2013ஆம் ஆண்டு ஆய்வும், தாம் சேர்த்து வைத்த பலவிதத் திறமைகளையும் பயன்படுத்த இடமிருக்கும்போது மூத்தோருக்கு விலகும் எண்ணம் குறைகிறது என்றே கண்டது.

நிறுவை இடத்தில் ஒரு நாள் நின்று பாருங்கள். இளம் கைகள் கொண்டுவரும் கூடை கனமாக இருக்கும். 55 வயதுக்காரரின் கூடை அவ்வளவு கனக்காது. முழங்காலும் மணிக்கட்டும் முன்போல் ஒத்துழைப்பதில்லை, செங்குத்தான சரிவில் ஏறுவதும் மெதுவாகிவிட்டது. தராசு அவருக்கு எதிராகவே பேசும். கூடையைப் படங்கில் கொட்டிக் கையால் கிளறிப் பார்த்தால் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக, முத்தல் கலக்காத கொழுந்து கிடக்கும். தொழிற்சாலையில் நல்ல விலை பெறும் தேயிலை அந்தக் கொழுந்திலிருந்துதான் வருகிறது. தராசை மட்டும் பார்த்து "இன்னிக்கும் கொறவா?" என்று கேட்கும் கங்காணி, முப்பது ஆண்டுத் திறமையை ஒரு கேள்வியால் இல்லாமலாக்குகிறார். நிறையைச் சொல்லும் அதே குரலில் தரத்தையும் எல்லோர் காதிலும் விழச் சொல்லுங்கள். அடுத்த வாரம் இரண்டு புதிய பெண்களை அவர் பக்கத்து நிரையில் நிறுத்துங்கள். சரிவு குறைந்த மலை, நாற்றுமேடை, பிள்ளைக்காம்பரா உதவி போன்றவற்றை உடல் தளர்ந்தோருக்கு முன்னுரிமையாக ஒதுக்குங்கள்; ஆனால் அவரைக் கேட்காமல் மாற்றாதீர்கள். கேட்காத மாற்றம் "இனி இவர் வேண்டாம்" என்று தள்ளியதாகவே அவருக்குப் படும்.

இந்த வயதினரின் ஈடுபாட்டை அரிப்பது பெரும்பாலும் பணம் பற்றிய அச்சம். கடைசியில் என்ன கிடைக்கும், எப்போது கிடைக்கும் என்பது தெளிவாகத் தெரியாமல் வேலை செய்கிறார்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8 வீதமும் தொழில்கொள்வோர் 12 வீதமும் செலுத்துவதையும், அதைப் பெறும் வயது பெண்களுக்கு 50, ஆண்களுக்கு 55 என்பதையும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு மேலும் 3 வீதத்தைத் தொழில்கொள்வோரே செலுத்த வேண்டும் என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள். அந்த வயது வேறு, ஓய்வு வயது வேறு. தனியார் துறையில் ஆகக்குறைந்த ஓய்வு வயதை 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் 60 என வகுத்திருக்கிறது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, 5 ஆண்டுகள் சேவையை நிறைவுசெய்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் 14 நாட் சம்பளமும், மாதச் சம்பளக்காரருக்கு அரை மாதச் சம்பளமும் உரியன. அடையாள அட்டையில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் இன்னொரு பெயர், நிதியின் பதிவில் மூன்றாவது பெயர் என்று இருப்பது தோட்டங்களில் பழகிப்போன சிக்கல். 50 வயதைத் தொட்டவுடனேயே மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்துத் திருத்த உதவுங்கள். இதைச் செய்து கொடுத்த உத்தியோகத்தரை அந்தக் குடும்பம் மறப்பதில்லை.

இளையவர் மூத்தவரை நடத்தும்போது

25 வயது வெளிக்கள உத்தியோகத்தர் தாய் வயதுப் பெண்களுக்கு உத்தரவிட வேண்டிய நிலை மலையகத்தில் அன்றாடம் நிகழ்கிறது. இதில் மரியாதைச் சொல் மட்டும் போதாது. முதல் நாள் மாலை, நாளைய மலையைப் பற்றி மூத்த ஒருவரிடம் கருத்துக் கேளுங்கள்: எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினால் மத்தியான நிறுவைக்கு நடை குறையும், எந்த நிரையில் கொழுந்து முத்தத் தொடங்கிவிட்டது என்று. அவர் சொன்னதைப் பின்பற்றினால், மறுநாள் அவர் பெயரைச் சொல்லியே பின்பற்றுங்கள். பின்பற்ற முடியாவிட்டால் காரணத்தை அவரிடமே தனியாகச் சொல்லுங்கள். பிழையைத் திருத்த வேண்டியிருந்தால் கூட்டத்துக்கு முன்னால் செய்யாதீர்கள். இளையவர் முன்னால் குறுகிப்போன மூத்தவர் அன்றிலிருந்து சொன்னதை மட்டுமே செய்வார்.

மாற்றம் தெரிகிறதா என்று பார்ப்பது

அதே மூன்று கேள்விகளை மீண்டும் கேளுங்கள். ஆனால் எந்தக் காலத்தில் கேட்கிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். மேற்குச் சரிவுத் தோட்டங்களில் ஏப்ரல், மே மாதங்களில் கொழுந்து பெருகி, மேலதிகக் கிலோவுக்கான காசும் கையில் புரளும். ஆண்டின் தொடக்கத்து வறட்சியில் நிறை குறைந்து வேலை நாட்களும் சுருங்கும். மார்ச்சில் கேட்டதையும் மேயில் கேட்டதையும் ஒப்பிட்டு "என் திட்டம் பலித்துவிட்டது" என்று மகிழ்ந்தால், மழையின் பலனை உங்கள் கணக்கில் எழுதிக்கொள்கிறீர்கள். இந்த ஆண்டு மேயை அடுத்த ஆண்டு மேயோடு ஒப்பிடுங்கள். பாடசாலையில் தவணைப் பரீட்சைக் காலத்தையும், கடையில் தீபாவளி, பொங்கல் வியாபாரக் காலத்தையும் அவ்வாறே ஒத்த காலத்தோடு வைத்துப் பாருங்கள்.

விடைகளை வயதுவாரியாகவும், அதே வேலையில் கழிந்த ஆண்டுவாரியாகவும் இரண்டு தடவை பிரித்துப் பாருங்கள். குறை வயதோடு சேர்ந்து வந்தால், அந்த வயதினரின் உடலுக்கும் குடும்ப நிலைக்கும் ஏற்ப நேரத்தையோ இடத்தையோ மாற்ற வேண்டும். வேலையில் கழிந்த ஆண்டுகளோடு சேர்ந்து வந்தால், வேலையின் உள்ளடக்கத்தையே மாற்ற வேண்டும். எல்லா வயதிலும் ஒரே குறை வந்தால் அது சம்பளமாகவோ, மேற்பார்வையாளரின் வாய்ச்சொல்லாகவோ இருக்கும். சம்பளமென்றால் மேலிடத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வாய்ச்சொல்லென்றால் மறுநாள் பெரட்டிலிருந்தே திருத்திக்கொள்ளலாம்.